கேனட்டின் மூக்கைத் திறந்து காட்டுங்கள்: விமான அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜெர்மனி, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் ஃபேரி கேனட் விமானத்தைக் காத்துவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் கப்பல்களின் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில் கேனட்டின் முன் நட்டிருந்த பலகையில், ஒரே இன்ஜின் அதன் மூக்கிலுள்ள இரண்டு சுழலிகளையும் (புரொப்பல்லர்களையும்) சுற்றியதாக எழுதியிருந்தது. அடுத்த வரி, கடற்படை விமானங்களிலேயே இது எவ்வளவு அவலட்சணமானது என்பதைப் பற்றியது. விமானத்துக்கு அந்தப் பருத்த உடல் வாய்த்ததற்குப் பாதிக் காரணமான இன்ஜினைத் தவறாகச் சொல்லிவிட்டு, உடலை மட்டும் கேலி செய்வது நியாயமாகப் படவில்லை.

1945இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக வகுக்கப்பட்ட ஜிஆர் 17/45 என்ற தேவைக்குறிப்பிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பதும் தாக்குவதும் ஒரே விமானத்தால் ஆக வேண்டும்; அது விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து எழவும் வேண்டும். நீர்மூழ்கி வேட்டையில் பெரும்பகுதி காத்திருப்புதான்: மணிக்கணக்கில், மெதுவாக, வெறும் கடலைப் பார்த்துக்கொண்டே பறப்பது. ஆனால் ஆயுதங்களோடு தளத்தை விட்டு எழும் அந்தச் சில நொடிகளுக்கு முழு வலுவும் தேவை. ஒற்றை இன்ஜின் போதும் என்றால், அது நின்றால் கடல்தான் கதி. இறக்கைக்கு ஒன்றாக இரண்டை வைத்தாலோ, ஒன்றை நிறுத்தியதும் விமானம் ஒரு பக்கமாக இழுபடும்.

ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி நிறுவனம் இதற்குத் தந்த விடை டபுள் மாம்பா. இரண்டு மாம்பா டர்போபிராப் இன்ஜின்களை, அதாவது வாயு விசையாழியால் சுழலியைச் சுற்றும் இன்ஜின்களை, மூக்கில் அருகருகே படுக்க வைத்து, ஒரு பொதுவான கியர்பாக்ஸ் கூட்டுக்குள் கொண்டுவந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்லும் இரு தண்டுகள் வழியே, முன்னும் பின்னுமாக எதிரெதிர்த் திசையில் சுழலும் நான்கிதழ்ச் சுழலிகள் இரண்டில் ஆளுக்கு ஒன்றைச் சுற்றவிட்டார்கள். எழும்போது இரண்டும் ஓடும். ரோந்தின்போது விமானி ஒன்றை நிறுத்தி, அதன் சுழலி இதழ்களைக் காற்றுக்கு வாட்டமாகத் திருப்பிவிட்டு, மற்றதை வைத்தே எரிபொருளை மிச்சம் பிடித்துப் பறப்பார். இரண்டு சுழலிகளும் நடுக்கோட்டிலேயே இருப்பதால் விமானம் பக்கவாட்டில் இழுபடாது. கப்பலில் இரண்டு டீசல் இன்ஜின்களை ஒரே கியர்பாக்ஸில் பூட்டி, மெதுவாகப் போகும்போது ஒன்றுக்கு ஓய்வு கொடுத்த எனக்கு இந்த யோசனை நன்றாகவே விளங்கும். ஆனால் எங்களுக்கு ஒரே சுழலி; இங்கே இன்ஜினுக்கு ஒன்று.

அன்று அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், முன்சுழலியின் இதழ் ஒன்றைத் தோள்கொடுத்து மெல்லத் தள்ளினார். முன்வரிசை நகர்ந்தது, பின்வரிசை அசையவே இல்லை. ஷாக்கல்டன் விமானத்தின் கிரிஃபன் இன்ஜினிலும் எதிரெதிர்ச் சுழலிகள் உண்டு, ஆனால் அங்கே ஒன்றைத் தள்ளினால் மற்றது மறுதிசையில் கூடவே வரும், இரண்டும் ஒரே இன்ஜினோடு பிணைந்தவை என்பதால். பலகை தவறு என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

1949 செப்டம்பர் 19 அன்று முதல் மாதிரி பறந்தது. 1950 ஜூன் 19 அன்று அது எச்எம்எஸ் இல்லஸ்டிரியஸ் கப்பலில் இறங்கியது. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிய முதல் டர்போபிராப் விமானம் அதுவே. டபுள் மாம்பா மண்ணெண்ணெயிலும் டீசலிலும் ஓடக்கூடியது. பிஸ்டன் இன்ஜின்களுக்காகக் கப்பலின் வயிற்றில் எளிதில் தீப்பற்றும் உயர் ஆக்டேன் பெட்ரோலைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இன்ஜின் அறைக்காரன்தான் சொல்ல முடியும். ஏறத்தாழ 54 அடி அகல இறக்கையை இரண்டு இடங்களில் மடக்கி 20 அடிக்குள் சுருக்கும் வித்தையும் அந்தப் பலகையில் இல்லை.

நீர்மூழ்கி எதிர்ப்பு வேலையில் கேனட் நெடுநாள் நீடிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். 1955இல் கப்பலேறியது, ஒலியுணர் கருவியைக் கடலுக்குள் இறக்கிக் கேட்கும் வேர்ல்விண்ட் ஹெலிகாப்டர்கள் சில ஆண்டுகளிலேயே பிரிட்டனில் அதன் இடத்தைப் பிடித்தன. ஆஸ்திரேலியர்கள் மெல்போர்ன் கப்பலில் 1967 வரை வைத்திருந்தார்கள். ஆனால் அதே இன்ஜினை வைத்து, வயிற்றுக்கடியில் பெரிய ரேடார் குமிழ் பொருத்தி, வான்வழி முன்னெச்சரிக்கைக்காக 44 விமானங்கள் கட்டப்பட்டன. மெதுவாக நெடுநேரம் சுற்றிவர வேண்டிய அந்தப் பணிக்கு டபுள் மாம்பா இன்னும் பொருத்தமாக அமைந்தது என்பது என் எண்ணம். 1978இல் ஆர்க் ராயல் விமானந்தாங்கிக் கப்பலோடு அவையும் ஓய்வுபெற்றன. 1982 மே 4 அன்று, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரில், தாழப் பறந்து வந்த அர்ஜென்டினா விமானங்கள் ஏவிய எக்சோசெட் ஏவுகணை எச்எம்எஸ் ஷெஃபீல்ட் போர்க்கப்பலைத் தாக்கி 20 பேர் இறந்தபோது, பிரிட்டிஷ் கப்பற்படைக்கு வானிலிருந்து பார்க்கும் ரேடார் கண் இல்லை. அன்றிருந்த சிறிய விமானந்தாங்கிகளில் கேனட் இயங்கியிருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆகவே விமானத்தோடு அதைச் சுமக்கும் கப்பலும் போனதைச் சேர்த்தே எழுதுங்கள்.

நான் கேட்பது மூன்றே. பலகையைத் திருத்துங்கள். மூக்கின் ஒரு பக்கத் தகட்டையாவது கழற்றி, இரண்டு மாம்பாக்களும் கியர்பாக்ஸும் தெரியும்படி ஒரு விளக்கைப் போடுங்கள். வாரம் ஒருமுறையாவது, பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரமாகப் பார்த்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கயிற்றுக்கு உள்ளே அனுப்பி முன்சுழலியைத் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவன்