மூச்சுத் துளை வெட்டியவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். 1988 அக்டோபரில் அலாஸ்காவின் பாரோ அருகே மூன்று சாம்பல் திமிங்கிலங்கள் உறைபனியில் சிக்கியபோது, சோவியத் பனி உடைப்புக் கப்பல்களின் பெயர்தான் உலகெங்கும் அடிபட்டது. ஆனால் முதலில் கைகொடுத்தவர்கள் உள்ளூர் இனுப்பியாட் மக்கள். பரம்பரையாகத் திமிங்கில வேட்டையாடும் அவர்களே சங்கிலி ரம்பத்தால் பனியை அறுத்தார்கள். அறுத்த கட்டிகளைக் கழியால் பனிக்கடியில் தள்ளி, கடலை நோக்கி ஒவ்வொரு மூச்சுத் துளையாகத் திறந்துகொண்டே போனார்கள். பனியில் உரசி முகமெல்லாம் புண்ணாகியிருந்த அந்த ஜீவன்கள் துளைக்குத் துளை தலைநீட்டின. இளையது பிழைக்கவில்லை. நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கப்பல்கள் வந்து சேர்ந்தது மாதக் கடைசியில். அதுவரை மற்ற இரண்டையும் உயிரோடு காத்தவை அந்தத் துளைகள்தாம். அந்த மக்களைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.