இரண்டு பம்பு மாற்றிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இறந்தவர் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31-உடன் வைக்கிற சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பாவின் அம்பாசிடர் இனி உன் வண்டி. மற்ற விஷயங்கள் இங்கே வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் நம்ம தெருக்காரர்கள்.

போனைப் பாதியில் வைத்ததற்கு வருத்தம்தான். ஆனால் "மறுபடியும் பம்பு போச்சு, பழைய இரும்பு ஆக்கர் கடைக்குத் தள்ளப்போறேன்" என்று நீ சொன்னால் வேறு என்ன செய்ய? வண்டி நின்ற இடத்தில் ஐடிலில் அணையாமல் ஓடுகிறது. ஏற்றத்தில் இழுவை விட்டு, கக்கிக் கக்கி அணைகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிற பம்பு, இரண்டு புதிதாகப் போட்டும் ஒரே மாதிரி கெட்டால் குற்றம் பம்பில் இல்லை. பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் கடைக்காரன் சொன்னதை வாங்கி மாட்டியிருக்கிறாய். பொறுமை உனக்கு எப்போது இருந்தது?

முதலில் கரண்டா பெட்ரோலா என்று பிரி. பிளக்கின் பொறிக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் சூடானாலும் இதே மாதிரி அணையும், ஆறினால் ஓடும். அதனால் அணைந்த அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு இஞ்சின் மேல் படுக்க வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல். பொறி நீலமாக வந்தால் காயில் தப்பித்தது. பிளக்கைத் திரும்பப் பூட்டிய பிறகே பெட்ரோல் ஓஸில் கை வை.

இனி வருவதெல்லாம் இஞ்சின் ஆறிய பிறகு, முற்றத்தில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு. காயிலுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிடு, பொறி வராது. கார்புரேட்டர் பக்க ஓஸை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு 15 விநாடி செல்ஃப் அடி. பெட்ரோல் விட்டுவிட்டு, வேகமாகப் பீச்ச வேண்டும். வந்த அளவைப் பாட்டிலில் கோடு போட்டு வை. ஸ்டார்ட்டரை ஒரு நிமிடம் ஆறவிடு. அடுத்து, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பைப்பைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, பம்பின் உறிஞ்சும் வாயில் ஒரு புது ஓஸை மாட்டி, சுத்தமான பெட்ரோல் உள்ள வேறொரு பாட்டிலில் முக்கு. அந்தப் பாட்டில் பம்பைவிடக் கீழே இருக்கட்டும். மேலே வைத்தால் தானாக வழிந்து உன்னை ஏமாற்றும். மறுபடி 15 விநாடி. இரண்டாவது முறை தெளிவாகக் கூடுதலாக வந்தால் பம்பு நல்ல பம்பு, கோளாறு டேங்க் பக்கம். முதல் பாட்டிலை அரை மணி நேரம் அசையாமல் வைத்தும் பார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், துருப்பொடி படியும். இரண்டு மழையும் பெய்கிற ஜில்லா இது, பாதி காலியான டேங்க் வியர்க்காமல் இருக்காது.

அப்பா மண்டைக்காடு கொடைக்கு நம்மைக் கூட்டிப் போன மாசி மாசம் உனக்கு மறந்திருக்காது. திங்கள்சந்தை நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து அணைந்தது. தோளில் கிடந்த துவர்த்தை நனைத்துப் பம்பின் மேல் சுற்றி, "பிடிச்சிக்கோ மக்கா" என்று உன் கையில்தான் கொடுத்தார். என்னிடம் தரவில்லை. நீ கையெடுக்காமல் நின்றாய். பிறகு வண்டி ஓடியது, நீ பெரிய ஆளானாய். அன்று அது சரியான வைத்தியம். சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி, பம்பு ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தது; குளிர்ந்ததும் திரவமானது. ஆடிச் சாரலில், காலையில், இரண்டாவது கிலோமீட்டரில் நிற்கிற வண்டிக்கும் நீ அதே துணியைச் சுற்றுகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

டேங்க் பக்கம் பார்க்க வேண்டியது நாலு இடம். அணைந்ததும் டேங்க் மூடியைத் திற. 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. அடுத்து ரப்பர் ஓஸ். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் இருந்தால் வெளியே சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் பழைய ரப்பரை ஊதிப்போகச் செய்யும், உள்பக்கம் உரியும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்ட ஓஸாகக் கேட்டு வாங்கு, கிளாம்பும் புதிதாகப் போடு. மூன்றாவது, பம்பு மூடிக்கு அடியில் உள்ள சல்லடையும் பேக்கிங்கும். மூடி ஸ்க்ரூவை முறுக்கித் தள்ளினால் மூடி வளைந்து அங்கேயும் காற்று புகும். கடைசியாக டேங்குக்குள் இருக்கும் வடிகட்டி: டேங்க் மூடியைத் திறந்து வைத்து, பம்பு பக்கத்திலிருந்து சைக்கிள் பம்பால் காற்றடி. குமிழிச் சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். அடித்தபின் நாலு நாள் நன்றாக ஓடி மறுபடி அணைந்தால் டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

பம்பின் கைநெம்பு லொடலொடவென்று இருக்கிறது என்கிறாய். இஞ்சின் நின்ற இடத்தில், பம்பை இயக்கும் கேம் என்ற மேடு பம்பின் ஆர்மை, அதாவது உள்கையை, முழுசாகத் தூக்கிப் பிடித்திருந்தால் அப்படித்தான் இருக்கும். ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு அமுக்கிப் பார். பம்பு உண்மையில் கெட்டதற்கு அடையாளம் வேறு: அடியிலுள்ள சின்னத் துளையில் பெட்ரோல் சொட்டும், அல்லது டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறி, பெட்ரோல் நாற்றம் அடிக்கும். நாற்றம் அடித்தால் ஸ்டார்ட் பண்ணாதே. ஆயில் மெலிந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

நீ கழற்றிப் போட்ட பழைய பம்பைத் தூக்கி எறியாதே. திறக்கும் முன் இரண்டு பாதிகளுக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு இழு. பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் ரப்பர்ச் சவ்வான டயாப்ரத்தைப் புதிதாகப் போட்டு மூடும்போது ஆர்மை முழுசாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களை எதிரெதிராக முறுக்கு. இல்லாவிட்டால் டயாப்ரம் விறைப்பாக மாட்டிச் சீக்கிரம் கிழியும். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தடித்த சூடுதடுப்புக் கட்டையை விட்டுவிடாதே. அதற்கு மேல் தடியான பேக்கிங்கும் வைக்காதே, ஆர்மின் வீச்சு குறையும். கையால் வைத்துத் தள்ளும்போது ஸ்பிரிங் எதிர்ப்போடு உட்கார வேண்டும். உட்காராததை நட்டால் இழுத்தால் ஆர்ம் ஒடியும்.

புதிய கார்களின் டேங்க் பம்பை இதில் வைக்கலாம் என்று யாரோ சொன்னதை மற. அது 3 பார் அளவுக்குத் தள்ளும். இந்தக் கார்புரேட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வு தாங்காமல் பெட்ரோல் இஞ்சின் மேல் வழியும்.

டேங்கை இறக்குவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் வருகிறேன். வண்டியைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவை.

அண்ணன்