எங்கள் கணித வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதம் ஒன்றாக 12 கூட்டங்கள் வைக்கத் திட்டமிட்டோம், 11 நடந்தன. நவம்பர் கூட்டம் மழையில் போய்விட்டது. "பள்ளிக்கூடத்துக் கணக்கை வைத்துக்கொண்டே ஓர் உலோகத்தைப் புரிந்துகொள்ள முடியுமா?" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே ஆண்டு முழுவதையும் ஒதுக்கினோம். முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

முதல் கூட்டத்துக்கு அரங்கு தருவதாகச் சொன்னவர்கள் அன்று காலை கையை விரித்துவிட்டார்கள். மொட்டைமாடியில் கூடினோம். அதுவும் நல்லதாகப் போயிற்று, தரையிலேயே கோலம் போட முடிந்ததே! நேர்ப்புள்ளி ஒரு பக்கம், 15 முதல் 8 வரை இடைப்புள்ளி ஒரு பக்கம். புள்ளிக்கு ஒன்றாக ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டி ஒட்டி வைத்துப் பார்த்தோம். நேர்ப்புள்ளியில் நாணயங்கள் தரையில் 78.5 சதவீதத்தை மூடுகின்றன, இடைப்புள்ளியில் 90.7. செம்பு, வெள்ளி, தங்கம், அலுமினியம் எல்லாவற்றிலும் அணுக்கள் இந்த இடைப்புள்ளி அடுக்குகளாகத்தான் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதும் இதே முறைதான். இதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க முடியாது என்று வானியலாளர் கெப்ளர் 1611-இல் சொன்னார்; கணிதவியலாளர் ஹேல்ஸ் அதற்கு நிரூபணத்தை அறிவித்தது 1998-இல்.

இந்த ஆண்டில் என் மனத்தில் நிற்பது கொல்லர் பட்டறைக்குப் போன நாள். பட்டறைக்காரர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் இரண்டு துண்டு வெட்டினார். இரண்டையும் உலையில் செக்கச் செவேலென்று பழுக்கவைத்து, ஒன்றைத் தண்ணீரில் அமுக்கினார், மற்றதைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார். அப்புறம் அரத்தை எங்கள் கையில் கொடுத்தார். சாம்பலில் ஆறிய துண்டில் அரம் பிடித்தது, துகள் உதிர்ந்தது. தண்ணீர் கண்ட துண்டில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரே பட்டை, ஒரே நெருப்பு.

ஏன் என்று அடுத்த கூட்டத்தில் கணக்குப் போட்டோம். ஸ்பிரிங் பட்டை எஃகு, அதாவது கொஞ்சம் கரி (கார்பன்) கலந்த இரும்பு. சாதாரண வெப்பத்தில் இரும்பின் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் நட்டநடுவிலும் இருக்கின்றன. 68 சதவீதம் நிறைந்திருக்கிறது. சுத்தமான இரும்பு 912 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மூலைகளிலும் முகங்களின் நடுவிலுமாக இடம் மாறுகின்றன. நிறைவு 74 சதவீதம். நெருக்கம் கூடினால் கரி அணு நுழைய இடம் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, பிதாகரஸ் தேற்றம் ஒன்றையே வைத்துக் காட்டினார்: கரி உட்காரும் பொந்தின் ஆரம், முதல் அமைப்பில் இரும்பு அணுவின் ஆரத்தில் 0.155 பங்கு, இரண்டாவதில் 0.414. முதல் வீட்டில் காலியிடம் அதிகம், ஆனால் எல்லாம் சின்னச் சின்ன இடுக்கு. நெருக்கமான வீட்டில் ஓர் அறை இருக்கிறது. அதனால்தான் சூட்டில் இரும்பு எடையில் 2 சதவீதம்வரை கரியை ஏற்கிறது. ஆறிய அமைப்பில் அதிகபட்சம் 0.02 சதவீதம். மெல்ல ஆறவிட்டால் கரி அந்த அணு அடுக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது. சட்டென்று குளிர்த்தால் மாட்டிக்கொண்டு கனசதுரத்தையே ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடுகிறது. அந்த இறுக்கம்தான் அரத்தை வழுக்கவைத்தது.

ஜனவரிக் கூட்டம் ஐந்து மடிப்புச் சமச்சீர் பற்றியது, அதாவது முழுச் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு, 72 டிகிரி, திருப்பினாலும் முன்போலவே தெரிவது. ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளைச் சுழற்றினால் அவை தம்மேலேயே பொருந்த வேண்டும். அதற்குச் சுழல்கோணத்தின் கொசைனை இரட்டித்தால் முழு எண் வர வேண்டும். 60, 90, 120, 180 டிகிரிக்கு வருகிறது. 72-க்கு வருவது 0.618. ஆகவே ஐந்து மடிப்புப் படிகம் கிடையாது. சரி, நிரூபணம் முடிந்தது என்று எழுந்திருக்க முடியவில்லை. 1982 ஏப்ரல் 8 அன்று ஷெக்ட்மன் என்ற விஞ்ஞானி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அலுமினிய–மாங்கனீசு உலோகக் கலவையின் படத்தில் வட்டமாகப் பத்துப் புள்ளிகளைப் பார்த்தார்; கிடையாது என்ற அந்தச் சமச்சீரின் அடையாளம் அது. இரண்டு முறை நோபல் வாங்கிய வேதியியலாளர் பாலிங் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 2011-இல் ஷெக்ட்மனுக்கு நோபல் கிடைத்தது. தேற்றத்தில் தவறில்லை, அணுக்கள் ஒழுங்காக இருந்தால் திரும்பத் திரும்ப வந்தே தீரும் என்று நாம் வைத்திருந்த எண்ணம்தான் தவறு. இதைக் கேட்டதும் பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி, "அப்போ படிகம் என்றால் என்ன சார்?" என்றாள். 1992-இல் படிகத்தின் வரையறையையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பட்டறையைத் திறந்துவிட்டு அரை நாள் வேலையை எங்களுக்காக விட்டுக்கொடுத்தவருக்கும், மொட்டைமாடி தந்த வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி.

மழையால் விட்டுப்போன உப்புக் கூட்டத்தை ஜூனில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். உப்புப் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கனசதுரத்துக்குப் பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), உள்ளே சோடியம் நான்கு, குளோரின் நான்கு. கணக்குப்படி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம் வர வேண்டும், எடைபோட்டுப் பார்த்துவிடுவோம். தூத்துக்குடிக் கல் உப்பை நான் கொண்டுவருகிறேன். நகைத் தராசு யாரிடமாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்