நாணயச் சேகரிப்பாளர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நின்றது. புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் நால்வர் தங்கம் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்து வந்தவர்கள் என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆண்டு முழுக்கப் பேச்சு தங்கக் காசையே சுற்றியதும் அதனால்தான்.

ஜூன் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பிரிட்டிஷ் தங்கக் காசான சவரன் ஒன்று, 2013ஆம் ஆண்டுடையது, கொண்டுவந்தார். தராசு 7.99 கிராம் காட்டியதும், "பவுன்னா எட்டு கிராம் இல்லையா? பத்து மில்லி குறையுதே, டூப்ளிகேட்டா?" என்று ஒருவர் சந்தேகப்பட்டார். சவரன் காசின் முறையான எடையே 7.988 கிராம்தான். நம் கடைகள் அதை எட்டாக்கிக்கொண்டன. 22 காரட் ஆகையால், அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். அந்தக் காசில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. பிரிட்டிஷ் அரச நாணயசாலையின் உரிமத்தோடு எம்எம்டிசி-பாம்ப் என்ற நிறுவனம் இந்தியாவிலேயே அடித்தது என்பதற்கு அதுவே அடையாளம். 1918இல் பம்பாயில் ஓராண்டு மட்டும் அடித்த சவரன்களிலும் இதே எழுத்து உண்டு. அதை வைத்திருப்பவர் நம்மில் யாரும் இல்லை. இருந்தால் மறைக்காமல் சொல்லவும்.

செப்டம்பரில் வந்தது தென்னாப்பிரிக்கத் தங்கக் காசான க்ரூகர்ராண்ட். எடை 33.93 கிராம். வைத்திருந்தவர் மொத்த எடையையும் அன்றைய 24 காரட் விலையால் பெருக்கி வைத்திருந்தார். அதில் தங்கம் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், மீதி செம்பு. தேய்மானம் தாங்கவே அந்தச் செம்பு. கனடாவின் 24 காரட் காசான மேப்பிள் லீஃப் எடையில் குறைவு, ஆனால் தங்கம் இரண்டிலும் ஒன்றே. 1967இல் வந்த க்ரூகர்ராண்டில் முகமதிப்பே, அதாவது இத்தனை பணம் என்ற பொறிப்பே, கிடையாது. 1985இல் நிறவெறி ஆட்சியை எதிர்த்து அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடுத்தது. அடுத்த ஆண்டே தன் ஈகிள் காசை வெளியிட்டது. ஈகிளும் 22 காரட், அதே 33.93 கிராம். ஆனால் அதில் செம்போடு வெள்ளியும் சேர்ந்திருப்பதால் நிறம் சற்று மஞ்சள். க்ரூகர்ராண்ட் சிவந்திருக்கும். பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

விற்கப் போனவர்களின் அனுபவம் அவ்வளவு இனிப்பில்லை. ஒரு கடையில் பழைய நகை என்றே கணக்கிட்டு, உருக்கித்தான் எடுப்போம் என்றார்களாம். வாங்கும்போது கட்டிய 3% ஜிஎஸ்டி விற்கும்போது திரும்பாது. பழைய நகை என்று சொல்ல இடம் தராமல், பில்லைப் பத்திரமாகவும் உறையைப் பிரிக்காமலும் வைத்திருங்கள்.

இன்னொன்று, சற்றுக் கோபத்தோடு: காசைப் பத்தரிடம் கொடுத்துப் பாலிஷ் போடாதீர்கள், வளையமும் பற்றவைக்காதீர்கள். என் பாட்டியின் சவரன்கள் மூன்றும் காசுமாலைக்காக வளையம் பற்றவைக்கப்பட்டவை. சேகரிப்பாளர் அவற்றுக்குத் தங்க விலைக்குமேல் ஒரு ரூபாய் தரமாட்டார். எனக்கு விற்கும் எண்ணமும் இல்லை, அது வேறு.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய செலவு, மில்லிகிராம் காட்டும் தராசும் விட்டத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலும். சவரன் விட்டம் 22.05 மி.மீ. எடை சரியாக இருந்து விட்டம் மிகுந்தால் மட்டமான உலோகம் கலந்திருக்கும். ஆனால் டங்ஸ்டனின் அடர்த்தி சுத்தத் தங்கத்தை ஒட்டியே இருப்பதால், 24 காரட் காசுகளுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது.

மார்ச் கூட்டத்தில் அளவுகோலை எடுத்துச் சென்றவர், இன்று தேநீருக்கு முன் மேசைமேல் வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்