நாஞ்சில் என்றால் கலப்பைதான், செல்வம்

அன்புள்ள செல்வம்,

நீ வரிசையாக அனுப்பிய குரல் செய்திகளை எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போதே கேட்டுவிட்டேன். அங்கேயே நின்றுகொண்டு பதில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதனால்தான் இந்த மின்னஞ்சல். முதலில் வாழ்த்து. டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடப் போகிறேன் என்று நீ பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், இப்போது கடைக்கு முன்பணம் வரைக்கும் கொடுத்தாகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் தொடக்கக்கல்லூரியில் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) சேர்ந்துவிட்டாள். பெரியவன் அடுத்த மாதம் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போகிறான், ஓட்டம், குண்டு, துப்பாக்கி எதுவும் அவனுக்குக் கவலை இல்லை, தலைமுடியை வழித்துவிடுவார்களே என்பதுதான் கவலை.

சரி, உன் கடைப்பெயர் விஷயத்துக்கு வருகிறேன். "நாஞ்சில்" என்று வைக்கலாம் என்கிறாய் நீ, அது வெறும் ஊர்ப்பெயர், உழவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், "கலப்பை" என்றே வை என்கிறார் உன் மச்சான். அவர் மேல் தப்பில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பிறந்தவர்களுக்கு நாஞ்சில் என்றால் நாடு, கருவி இல்லை. ஆனால் அகராதியைத் திறந்தால் முதலில் நிற்கிற பொருள் கலப்பைதான். புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர் பலராமனை "அடல்வெந் நாஞ்சிற் பனைக்கொடி யோன்" என்கிறார், கொல்லும் கலப்பையும் பனைக்கொடியும் உடையவன் என்று. வேல், சக்கரம் எல்லாம் தூக்கிய தெய்வங்களுக்கு நடுவில் கலப்பையை ஆயுதமாகத் தூக்கிக்கொண்டு ஒருவன் நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி.

உங்கள் ஊர்க்காரன், சங்ககாலச் சிற்றரசன் நாஞ்சில் வள்ளுவனும் அதே புறநானூற்றில் வருகிறான், ஆனால் 140ஆம் பாட்டில் நாஞ்சில் என்பது அவனுடைய மலை, கலப்பை இல்லை. பறித்த கீரையோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி கேட்டிருக்கிறார் ஔவையார், அவனோ மலை மாதிரி ஒரு யானையைக் கொடுத்துவிட்டான். "மடவன் மன்ற", விவரம் தெரியாத ஆள்தான் இவன், என்று செல்லமாகத் திட்டுகிறார். உங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குணம் இன்னும் போகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மச்சான் வைக்கச் சொல்கிற "கலப்பை" இருக்கிறதே, அது சங்கப் பாட்டில் வேறு சாமான். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறநானூறு உரையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 206ஆம் பாட்டில் நின்றுவிட்டேன். அதியமான் வாசலில் காக்க வைத்த கோபத்தில் ஔவையார் கிளம்புகிறார்: "காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை". யாழைத் தோளில் மாட்டியாயிற்று, கலப்பையைக் கட்டியாயிற்று, எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் சோறு உண்டு என்று. இன்றைய அர்த்தத்தில் படித்தால் ஔவை ஏரைச் சுருட்டிக்கொண்டு போவதாக ஆகிவிடும். அங்கே கலப்பை என்பது இசைக்கருவிகளைப் போட்டுக் கட்டும் பை, கலங்களின் பை. மலைபடுகடாத்திலும் கூத்தர்கள் தூக்கிப் போவது இதைத்தான்.

அதே எழுத்தில் உழுகிற கலப்பை எப்போது வழக்கில் ஏறியதோ, ஏறியதும் நன்றாக ஊன்றிக்கொண்டது, மலையாளத்திலும் கலப்பதான். மரத்தில் செய்தது போய் இரும்பு வந்தபோதும் பெயர் போகவில்லை. உன் கடையில் நிற்கப் போகிற சட்டிக் கலப்பை, உளிக்கலப்பை, கொத்துக் கலப்பை எல்லாம் அதன் வாரிசுகள். நாஞ்சிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, பாட்டிலும் ஊர்ப்பெயரிலும் ஒதுங்கிவிட்டது. ஏர் என்பதோ வெறும் கருவி இல்லை, மாடு, நுகத்தடி, கலப்பை எல்லாம் பூட்டிய மொத்தம். "இரண்டு ஏர் உழவு" என்று எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கணக்குச் சொல்வது அதனால்தான். உழுபடை என்றும் ஒன்று உண்டு. புறநானூறு 35இல் வெள்ளைக்குடி நாகனார் சோழனிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறார், உன் போர்ப்படை தருகிற வெற்றியும் உழுபடை ஊன்றிய சாலில் விளைந்ததன் பயன்தான் என்று. சொல்லி நிலவரிப் பாக்கியையும் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வந்தார் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. உன் வங்கிக் கடனுக்கு அந்த வழி சரிப்படாது, முயன்று பார்க்காதே.

அப்புறம் நடந்ததுதான் உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றவைத்தது. எங்கள் கிடங்கில் மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த மலாய் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஜொகூரில் தங்கி தினமும் பாலம் தாண்டி வருகிறவர். சாப்பாட்டு நேரத்தில் உன் கடைக் கதையைச் சொன்னேன், கலப்பைப் படத்தையும் காட்டினேன். புத்தகத்தில் "பாஜாக்" என்று எழுதுவார்கள், எங்கள் பக்கம் "தெங்கலா" என்போம், தாத்தா எருமை பூட்டி உழுவார் என்றார். தெங்கலா! அன்று மதியம் எனக்கு வேலையே ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினால் நம் நாஞ்சிலுக்கு ஒரு பெரிய குடும்பமே நிற்கிறது. கன்னடத்தில் நேகிலு, தெலுங்கில் நாகலி, மராத்தியில் நாங்கர், பழைய பௌத்த நூல்களின் பாலி மொழியில் நங்கல, சிங்களத்தில் நகுல, கம்போடியாவில் அங்கல். ரிக்வேதம் நான்காம் மண்டலத்து வயல் பாட்டில் லாங்கலம். இந்த இடத்தில் ஆளாளுக்குக் கொடி பிடிப்பார்கள். நீகூட யாரோ எழுதியதை அனுப்பியிருந்தாய், மலாய்க்காரர்களுக்கு ஏரையே கொடுத்தவர்கள் தமிழர்கள் என்று. கப்பல் அங்கே "காப்பால்" ஆனது, கடை "கெடாய்" ஆனது, அதெல்லாம் உண்மை. ஆனால் தெங்கலாவை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ழான் பிரிசிலுஸ்கி என்ற பிரெஞ்சு அறிஞர் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேறு மாதிரி சொன்னார்: சமஸ்கிருதமே இதை முண்டா (கிழக்கிந்தியப் பழங்குடி மொழிகள்), கெமர் (கம்போடிய மொழி) வகை மொழி பேசிய மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. நடுவில் "ங்க" எல்லாருக்கும் ஏறக்குறையப் பொதுவாக இருக்க, முன்னால் மட்டும் ஓர் இடத்தில் ந, ஓர் இடத்தில் ல, ஓர் இடத்தில் தெ என்று மாறுகிறது. சொல்லுக்கு முன்னொட்டு சேர்த்துப் பேசுவது அந்தக் கிழக்கத்திய மொழிகளின் பழக்கம். இதற்காக என்னோடு சண்டைக்கு வருவாய் என்று தெரியும், வா, நேரில் பேசிக்கொள்வோம்.

ஆகையால் நாஞ்சில் என்றே வை. கீழே சின்ன எழுத்தில் "கலப்பைகள் வாடகைக்குக் கிடைக்கும்" என்று போட்டுவிடு, மச்சானும் சமாதானம் ஆவார்.

எனக்கு ஒரு காரியம் செய். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிற மரக்கலப்பையை எடைக்குப் போட்டுவிடாதே. எங்கள் தாத்தாவுடையது கருவேல மரம், மேழியில் கை பிடித்த இடம் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழவென்று இருக்கும், அதை எந்தச் சித்தப்பா எப்போது அடுப்பில் வைத்தார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன்னுடையதைக் கழுவி, கொழு, ஏர்க்கால், மேழி எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. ஒவ்வொரு பாகத்துக்கும் உன் அப்பா என்ன பெயர் சொல்கிறார் என்று அவர் குரலிலேயே பதிவு செய், நீ நடுவில் புகுந்து திருத்தாதே.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவுக்குக் கோடாலித் தைலம் எத்தனை பாட்டில் என்று மட்டும் இப்போதே சொல்லிவிடு, போன தடவை தெருவே வந்து கேட்டது.

அன்புடன்,
கணேசன்
பூன் லே, சிங்கப்பூர்