கீமோ நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் விடியும்வரை பொறுக்கக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்பெல்லாம் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமவுக்கு ஓடினோம். இங்கே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் சிகிச்சை வந்த பிறகு பலர் காலையில் போய் ஏற்றிக்கொண்டு பின்னேரம் வீடு திரும்புகிறார்கள். பெரிய ஆறுதல்தான். ஆனால் பக்கவிளைவு வருவது வீட்டில், நடுச்சாமத்தில்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து முதன்முதல் ஏற்றிய அன்றிரவு சிறுநீர் சிவப்பாகப் போனது. இரத்தம் என்று வீடே கலங்கிவிட்டது. அது வெறும் மருந்தின் நிறம், ஓரிரு நாளில் போய்விடும். இரண்டாவது கிழமை இலேசாகக் குளிருது என்று போர்த்திக்கொண்டு படுத்தார். அதற்கு ஒருவரும் கலங்கவில்லை. "ரெண்டு பனடோல் போடுங்கோ, விடியப் பாப்பம்" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். பக்கத்துத் தனியார் கிளினிக்கிலும் அதே பதில்தான்; என்ன மருந்து ஏற்றியது என்றுகூடக் கேட்கவில்லை. என் மகள் தேர்மோமீற்றர் வைத்துப் பார்த்தாள், பரனைற்றில் 101.3. உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம். வாட்டில் இரத்தம் சோதித்தால், கிருமியோடு போராடும் வெள்ளையணு அடிமட்டத்தில். முடிவு முழுதாக வருமுன்பே அன்ரிபயோட்டிக் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அக்கா தப்பினார்.

பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு, ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள்தான் வெள்ளையணு மிகவும் குறையும். அந்த நேரம் கிருமி தொற்றினால் சீழ், வீக்கம் ஒன்றும் தெரியாமல் போகலாம். பல வேளை காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பனடோல் அதையும் மறைத்துவிடும். 38 பாகை, அதாவது பரனைற்றில் 100.4 தாண்டினால் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நான் கேட்பது ஒரு சின்ன அட்டை. ஏற்றிய மருந்தின் பெயர், திகதி, எந்தச் சூட்டில் ஓடிவர வேண்டும் என்பது, இரவில் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம், எல்லாம் தமிழில். வாய்ப்புண்ணால் தண்ணீரும் இறங்காவிட்டால், வயிற்றோட்டம் நிற்காவிட்டால், ஊசி ஏற்றிய இடம் எரிந்து சிவந்தால் வரச்சொல்லியும் எழுதலாம். அந்த அட்டையைக் காட்டினால் டெங்குக் காய்ச்சல்காரரோடு வரிசையில் இருத்தாமல் உள்ளே எடுக்கவேண்டும். பாமசிக்காரரும் பனடோல் கொடுக்குமுன், காய்ச்சல்காரர் கீமோ எடுக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு தங்கை,
சாவகச்சேரி.