அந்த வரியில் நீ நிறுத்தியது பற்றி

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. மஸ்கட்டில் ஆராதனைக்குப் போகிறேன் அப்பா, ஆனால் பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன், பொய் சொல்ல மனசு வரவில்லை என்றாய். அம்மா அழுதாள். எனக்கு உன் மேல் மரியாதைதான் வந்தது. அர்த்தம் தெரிந்து ஜெபிக்கிறவளுக்குத்தான் அந்த இடத்தில் நாக்கு நிற்கும். நான் பதினோரு வருஷம் நிற்காமல் சொன்னவன்.

உன் அறையில் இருந்தவள் ஐந்து மாதச் சம்பளத்தைக் கைமாற்றாக வாங்கிவிட்டு, வேறு நாட்டுக்குப் போய் உன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாள். நம் ஊர்ப் பிள்ளை என்று நம்பித்தான் கொடுத்தாய். "போகட்டும், பணம்தானே" என்று இங்கே ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இயேசுவும் சொல்லவில்லை.

மத்தேயு 18-ஐ எடுத்துப் பார். ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்கிறார். ஏழெழுபது தரம் என்று சொல்லிவிட்டு ஆண்டவர் ஒரு கடன்காரனின் கதையைச் சொல்கிறார். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் அவன். அவனுக்கு இன்னொருவன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். அந்த நூறைச் சில்லறை என்று நினைத்துத்தான் நானும் வெகுநாள் வாசித்தேன். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. நூறு நாள் ரப்பர் பால்வெட்டுக் கூலியை ஒருத்தன் தராமல் போனால் நம் வீட்டில் அடுப்பு எரியுமா? அது நிஜமான கடன். கேட்கிறவனுக்கு நியாயம் உண்டு.

ஆனால் ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள். வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். அதைத்தான் அவன் "எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று காலில் விழுந்து சொல்கிறான். ராஜா அவனுக்குத் தவணை கொடுக்கவில்லை, கடனையே விட்டுவிட்டார். அவனோ வெளியே வந்ததும் அந்த நூறுக்காக மற்றவனின் தொண்டையைப் பிடித்தான்.

சித்தப்பாவோடு நான் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். கடை வைக்க அவன் எடுத்த கடனுக்கு நான் ஜாமீன் போட்டேன். அவன் கட்டவில்லை. 2007-இல் ரோட்டோரத்து 18 சென்ட்டை விற்று நான் அடைத்தேன். அதற்கப்புறம் ஒரே ஆலயத்தில் அவன் வலது பக்கம், நான் இடது பக்கம்.

2018-இல் ஒரு திருவிருந்து ஞாயிறு. முழங்காலிட்டுக் கையை நீட்டினேன். பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை. என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. சுட்டுவிரலில் நகம் இல்லை, நுனி மொழுக்கென்று இருந்தது. அந்த விரல்மேல்தான் அப்பம் வந்து விழுந்தது.

சின்ன வயதில் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினில் மாட்டிய விரல் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அன்றைக்குக் கைப்பிடியைச் சுற்றியது நான். அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினொன்று. "மெல்ல சுத்துடே" என்று அவன் கத்தக் கத்த, விளையாட்டாக இன்னும் வேகமாகச் சுற்றினேன். தாத்தா கம்பை எடுத்தபோது, ரத்தம் ஒழுகிய கையைத் துணியில் பொத்திக்கொண்டு "நானாத்தான் கைய விட்டேன்" என்றான். இன்றுவரை அதை மாற்றிச் சொன்னதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கே நேற்றுதான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது, "வெரலு இப்பவும் வலிக்குமாடே?" மழைக்காலத்தில் கொஞ்சம் என்றான். கட்டன் சாயா குடித்தோம். அவ்வளவுதான்.

நிலம் போனது போனதுதான். பணத்தைப் பற்றி அவன் வாய் திறந்ததே இல்லை. மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அந்த 18 சென்ட்டில் எழும்பியிருக்கிற மாடிவீட்டைப் பார்த்தால் இன்றும் வயிறு எரியும். அங்கேயே, பஸ்ஸிலேயே, திரும்பவும் மன்னிக்கிறேன். ஒரே தப்புக்குத்தான் இத்தனை தரம் வேண்டியிருக்கிறது. ஆனால் 2021-இல் மறுபடி ஜாமீன் கேட்டான், மாட்டேன் என்றேன். அதுவும் நான் செய்ததுதான், தெரிந்துகொள். "அவனைக் கடிந்துகொள்" என்று லூக்கா 17-இல் முதலில் வருகிறது, அதற்கப்புறம்தான் மன்னிப்பு. உன் பணத்தை வாங்கிப்போனவளின் வீட்டாரிடம் கேள். வேறு பிள்ளைகளிடமும் கை நீட்டுகிறாள் என்று தெரிந்தால் எச்சரித்துவை.

நம் எல்லைக்கு அப்புறம், கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் புல்லுவழி என்று ஊர். அங்கே பிறந்த ராணி மரியா என்ற கன்னியாஸ்திரீயை 1995 பிப்ரவரியில் இந்தூருக்குப் போகிற வழியில் பஸ்ஸில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். அவருடைய சொந்தத் தங்கை, அவரும் கன்னியாஸ்திரீதான், ஜெயிலுக்குப் போய்க் குத்தியவன் கையில், கூடப்பிறந்தவனுக்குக் கட்டுகிற ராக்கிக் கயிற்றைக் கட்டினார். அது 2002-இல். நடுவில் ஏழு வருஷம் இருக்கிறது மக்களே. வருகிற ஞாயிறே வாயைத் திற என்று உன்னை நெருக்க எனக்கு மனமில்லை. நீ நிறுத்துகிற அந்த இடத்தை, உன் பேரையும் சேர்த்து, நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழை தொடங்கப் போகிறது. ரப்பர் மரங்களில் வெட்டுகிற இடம் நனையாமலிருக்க ரெயின் கார்டு ஒட்ட நாளைக்குச் சித்தப்பா வருகிறான். நைட் டியூட்டி முடிந்தால் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் உறங்கு. அம்மா அனுப்பிய சக்கை வற்றல் கிடைத்ததா என்று எழுது.

அன்புடன்
அப்பா